‘பட்டார்’ என்று முடியும் வாக்கியம்

என் அன்பான என்னங்க,

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். இரான் பெண் நீட்டிய தாளில் நான் கண்ணாடி போடாமல், படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சர்ச்சில் பேசிக்கொள்கிறார்கள். கண்ணாடி போட்டிருந்தேன். கையெழுத்துக்கென்று அவள் எதையும் நீட்டவில்லை. பேப்பரில் வந்த அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு காற்புள்ளியும் என்னுடையது. இதைச் சபை இதழுக்கே கொடுக்கிறேன்; காதோடு காதாகப் பேசுகிறவர்கள் கண்ணால் படிக்கட்டும்.

நீங்கள் கர்த்தரிடம் போன மறுவருடம் மாடி அறையை வாடகைக்கு விட்டேன். இந்த லிங்கராஜபுரத்தில் இப்போது இரான் மாணவர்கள் நிறையப் பேர். நம் மாடியில் இருப்பவள் பார்மசி படிக்கிறாள். பெயர் எழுதமாட்டேன். என் ரசத்தைக் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வர, நன்றாக இருக்கிறது என்பாள். மாலையில் அவளுடைய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பேன்.

ஜூலையில் அவள் நாட்டில் ஒரு பத்திரிகையை மூடினார்கள். மாணவர்கள் எதிர்த்து ஊர்வலம் போனார்கள். அதற்காக விடுதிக்குள் புகுந்து அவர்களை அடித்தார்கள். அவள் தம்பி அந்த விடுதியில் இருந்தவன். “ஓட்டுப் போட விட்டாங்க ஆன்ட்டி. பேப்பர் படிக்க விடமாட்டேங்கிறாங்க” என்றாள். அழவில்லை.

சில நாள் கழித்து, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளைத் திருத்தக் கொண்டுவந்தாள். ‘மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். என் தம்பி அழைத்துச் செல்லப்பட்டான்.’ நான் வழக்கம்போலச் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்: யாரால்?

அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியும் ஆன்ட்டி. எழுத முடியாது.”

அப்போது உங்கள் ஞாபகம் வந்தது. அலுவலகத்திலிருந்து நீங்கள் கொண்டுவரும் ஃபைல்களில் எல்லாமே ‘ஆணையிடப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’. இவ்வளவும் தானாகவா நடக்கிறது என்று கேலி செய்வேன். சிரிப்பீர்கள். எமர்ஜென்சியின்போது எதிர்வீட்டுக் கல்லூரி ஆசிரியரைப் பற்றிக் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்: “அழைத்துச் செல்லப்பட்டார்.” அன்றைக்கு நான் ‘யாரால்’ என்று கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் இலக்கணம் திருத்துகிறவள். அவர் மனைவி நம் வாசலில் வந்து நின்றபோது ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். உங்கள் வேலைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் திரையை இழுத்தது உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

அவளுடைய தாளை மடித்து வைத்துவிட்டு, டெல்லியில் இருக்கும் அவர்கள் தூதரகத்துக்கு நானே எழுதினேன். யார்மேலும் பழி சொல்லவில்லை, கேட்டேன், அவ்வளவுதான். அவள் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் அம்மாவிடம் பேசிவிட்டு வந்தாள். “என் பேர் வேண்டாமாம். தம்பி பேரைப் போடச் சொன்னாங்க.” போட்டேன். கீழே என் பெயர், நம் வீட்டு எண். பிரதியை இங்கே ஒரு நாளிதழுக்கு அனுப்பினேன். வெளியிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி வந்தார். “கண்ணாடி போடாம கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்லிடுங்க அண்ணி. வயசானவங்கன்னு விட்டுடுவாங்க. சும்னே எதுக்கு வம்பு?” என்றார், அவருடைய கன்னடம் கலந்த தமிழில்.

“இதோ மூக்குமேல இருக்கே தம்பி. உங்களுக்குத்தான் தெரியல போல.”

நான் சொல்லாததை அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். பாவம், அண்ணன்மேல் உள்ள பாசம்.

தூதரகத்திலிருந்து இன்னும் ஒரு வரி வரவில்லை. மாடிப் பெண் தினமும் கல்லூரியிலிருந்து வந்ததும் முதலில் தபால் பெட்டியைத்தான் திறந்து பார்க்கிறாள். பதில் வரும்வரை மாதம் ஒரு கடிதம் போடுவேன். இனி யார் நம் வாசலில் வந்து நின்றாலும் திரையை இழுக்கமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அந்தக் கடிதத்தின் கடைசி வரியை இங்கேயும் எழுதுகிறேன். அவர்களிடம் ஒரு பையனுக்காகக் கேட்டேன். உங்களிடம் எதிர்வீட்டுக்காரருக்காகக் கேட்கிறேன்.

அழைத்துச் சென்றது யார்? பதிலை எழுத்தில் தரவும்.

உங்கள் மனைவி