பொருள் என்ற ஒரு சொல் குறித்து நீர்முனைக்கு விடுத்த ஓலை

திரு நிலைக்க. எல்லைமலை முதல் கடல்முகம் வரை குடைநிழல் பரப்பி ஆளும் கோமான் இளவேட்டனாரின் திருவோலக்கத்திலிருந்து, திருவோலை நாயகன் செழுங்கீரன், நீர்முனைக் கோட்டத் தலைவரும், வெள்ளம் பலமுறை தீண்டியும் ஊர்விட்டு அகலாத குடியில் வந்தவருமான நன்னாகனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் ஒன்பது ஊர்களும், அவற்றின் ஏரும் தோணியும் தொட்டில்களும் நலமுற்றிருக்க.

மூன்று நாளாக மலைமுரசு ஓயாது முழங்குவதையும், காவல்மேடுதோறும் நம்மவர் கேட்டதைக் கேட்டபடியே அறைந்து அனுப்புவதையும் குறித்து, அது சொல்வது வெள்ளமா வெறும் மழையா என்று தாங்கள் வினவிய ஓலை வந்தது. ஓலை நாயகன் அதை மும்முறை படித்தான். விடை அவனிடம் இல்லை, அரசரிடமும் இல்லை. இல்லாமற்போன கதையை மறைப்பின்றி எழுதுமாறு அரசர் பணித்தருளினார்.

பன்னீராண்டுக்கு முன், மலைக்கு அப்பாலுள்ள மணிப்புற நாட்டில் முரசறைதலையே தொழிலாகக் கொண்ட ஒலிக்கணத்தார் இம்முரசுக் குறிகளை வகுத்தனர். மலையில் அறைவோரும் அவர்களே; நம் ஊர்களில் அமர்ந்து குறியைப் படித்துச் சொன்னோரும் அவர்களே. அன்று எழுதிய உடன்படிக்கையில், "இப்பணிக்குரிய பொருள் அனைத்தும் பன்னீராண்டு முடிவில் அரசுக்கே ஆகுக" என்ற வரி செழுங்கீரனின் கையெழுத்து. முரசும் பொருள், முரசு சொல்வதும் பொருள் என்று இரண்டையும் ஒரு சொல்லில் அடக்கிய தன் சுருக்கத்தை எண்ணி அவன் மகிழ்ந்தான். இரண்டையும் தனித்தனியே எழுதலாகாதா என்று உடனிருந்த எழுத்தர் வெண்பூதியார் கேட்டபோது, ஓலையை வீணாக்குவானேன் என்றான்.

இவ்வாண்டு ஆனியில் தவணை முடிந்தது. என்றென்றும் தம்மையன்றிப் பிறரை அமர்த்தலாகாது எனக் கணத்தார் கேட்க, அரசர் மறுத்தார். அவர்கள் குறி படிப்போரை அழைத்துக்கொண்டனர். குறிநூலைக் கேட்டதற்கு, "பொருள் கேட்டீர்; முரசு, தோல், கோல் யாவும் தந்தோம். அவை சொல்வதை இனி அவற்றையே கேட்டுக்கொள்க" என்று அவர்தம் தலைவன் சொல்ல, சூழ நின்றோர் சிரித்தனர்.

வழக்கு எழுந்தால் மணிப்புற அவையே தீர்க்கும் என்பதும் அதே ஓலையில் உள்ளது. அவ்வவையில் ஏழு நாள் நின்றான் செழுங்கீரன். கையால் தொடக்கூடியதே பொருள், மனத்தில் உள்ளது கணத்தாரின் கல்வி என்று தீர்ப்பாயிற்று. முரசு நிற்கும்வரை மலையில் அறைய வேண்டிய கடமையை மட்டும் அவை அவர்கள்மேல் வைத்தது. அறைகிறார்கள். ஒரு வேளையும் தவறாமல், நேர்மையாகவே அறைகிறார்கள். அந்த நேர்மையைத்தான் தாங்கமுடியவில்லை. காது பழகியோரைக் கொண்டு குறியை அறியவும் முயன்றோம். திங்கள்தோறும் குறியை மாற்றுவது கணத்தார் வழக்கம்.

இப்பருவத்தில் முரசு கேட்டுத் தங்கள் மக்கள் இருமுறை மேடேறினர். முதன்முறை வானம் வெளுத்திருந்தது. மறுமுறை அறைந்தது மணிப்புறத்து இளவரசன் பிறந்த வாழ்த்து என்று பின்னர் வணிகர் வழியே தெரிந்தது. அதற்குள் காவலற்ற கதிரைக் கிளிகள் தின்றுவிட்டன. "முரசுக்குப் பிள்ளை பிறந்தால் மருத்துவச்சி ஏறட்டும், நாங்கள் எதற்கு?" என்று ஊரார் நகைப்பதாகவும், மூன்றாம்முறை அழைத்தால் எழுவார் இல்லை எனவும் எழுதியுள்ளீர். அவர்கள்மேல் குற்றமில்லை.

ஆயினும் ஒன்பது ஊரும் மேடேறுக என்பதே அரசாணை. கேட்போர் சிலரே என்பதை அறிந்தே இது விடுக்கப்படுகிறது. இவ்வோலையைக் கொணர்ந்து தங்கள் முன் நிற்பவனே இதை எழுதியவன். மேடேற மறுப்போர் உள்ள ஊர்களில் கடைசி ஊர் எதுவோ, அதன் தாழ்ந்த வாசலில், முரசு ஓயும்வரை அவன் இருக்கக்கடவன். இதை அவனே வேண்டினான். அரசர் இசைந்தார். அவனைக் கண்டு ஒரு வீடேனும் எழுந்தால் நன்று. எழாவிடின், முரசு என்ன சொன்னதென்று அவர்களோடு அவனும் அறிவான்.

அரச இலச்சினை பொறித்தது. ஆணை பிறழற்க.

இவ்வோலையில் உயிர் என்ற சொல் எங்கும் எழுதப்படவில்லை, எழுதியதாகவே கொள்க. அச்சொல்லுக்கு ஒரே பொருள்.