மாட்டுக்கொட்டகைக்கு ஒரு பெல்ட் துண்டு

முத்தாண்டிக்குப்பம்,
புதன்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

திங்கட்கிழமை ஜெயிலில் மனு போட்டு உங்களைப் பார்த்தபோது, ஒத்துக்கொண்டு வந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்லவில்லை. கம்பிவலைக்கு இரண்டு பக்கமும் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். "உன் கைச் சோறு தின்னவனுக்கு ஜெயில் சோறெல்லாம் கஷ்டமா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. குள்ளஞ்சாவடி தாண்டும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

வக்கீல் சக்கரபாணி நேற்றும் அதையேதான் சொன்னார். வெள்ளிக்கிழமை வாய்தாவில் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட் துண்டு, காணாமல் போன செம்புக் கேபிள் இரண்டையும் எடுத்ததாக ஒத்துக்கொண்டால், இதுவரை உள்ளே இருந்ததையே தண்டனையாகக் கணக்கு வைத்து விட்டுவிடுவார்களாம். ஆனால் தண்டனை என்று பதிவானால் சுரங்கத்துக்குள் போகும் கேட் பாஸுக்குப் போலீஸ் சான்று கிடைக்காது. காண்ட்ராக்ட் வேலைகூட இனி இருக்காது. வழக்கு நடத்தினால் எத்தனை மாதமாகுமோ. ஜாமீன் கையெழுத்துப் போட இன்னும் யாரும் வரவில்லை.

"ஒத்துக்கினு வரச் சொல்லு எழிலு. வேல போனா போவுது, எம் புள்ள கலை வூட்டுல இருந்தா போதும்" என்கிறார்கள் அத்தை. மழையில் பசு வழுக்கி விழுந்ததற்காகத்தானே கொட்டகையில் விரிக்க அந்தத் துண்டைக் கொண்டுவந்தீர்கள். இப்போது அத்தை கொட்டகைப் பக்கமே போவதில்லை. பால் கறப்பதும் நான்தான். பசு என்னை இன்னும் நம்பவில்லை.

சுரங்கத்தில் கரி ஓடித் தேய்ந்து, வெட்டிப் போட்ட பெல்ட். அது கிடக்காத வாசல் நம் தெருவில் உண்டா? வீட்டைச் சோதனை போட வந்த போலீஸ்காரர்கூட சேற்றுக் காலை நம் வாசல் பெல்ட்டில் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

நான் டியூஷன் எடுக்கப் போகும் சுரங்கத்துக் குவார்ட்டர்ஸில் விஜயலட்சுமி அம்மா, "நல்ல மனுஷனாச்சேம்மா, ஏன் அவருக்கு இந்தப் புத்தி?" என்று கேட்டார். கார் நிறுத்த முழு அகலத்துக்கு விரித்திருந்த அதே பெல்ட்டின் மேல் நின்றுதான் கேட்டார். அவர் மனதில் கள்ளம் இல்லை. அது தன் காலடியில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஒரு பொருள் எந்த வீட்டில் கிடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அதற்குத் திருட்டு என்று பெயர் வைக்கிறார்கள். "புக்குல போட்டுருக்கா?" என்று வழக்கம்போல் கேலி செய்வீர்கள். போட்டிருக்கிறது. பாயில் உங்கள் பக்கம் காலியாகக் கிடப்பதைப் பற்றித்தான் எந்தப் புத்தகத்திலும் ஒன்றும் காணோம்.

முதல் ஷிப்ட் விட்டு வண்டிகள் வரும் சத்தம் கேட்டால் ரசத்தைச் சூடு பண்ண எழுந்துவிடுகிறேன். பிறகு அடுப்பை அணைக்கிறேன்.

பெல்ட்டை எடுத்தேன், கேபிளைத் தொடவில்லை என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். எத்தனை மாதமானாலும் இருப்பேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுதிவிட்டேன். ஆனாலும், நீங்கள் என்ன சொல்ல முடிவு செய்தாலும் சரி, வந்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
எழில்மதி

*

கடிதம் போய்ச் சேருமுன், வெள்ளிக்கிழமை அவர் இரண்டையும் எடுத்ததாக ஒத்துக்கொண்டார். அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். கேட் பாஸ் கிடைக்கவில்லை. ஆடி மாதம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தார். மாதம் ஒருமுறை வந்துபோகிறார்.