பதில் வராத பதினேழு கம்பெனிகள்

மச்சான்,

முதல் நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மெயிலை இன்று என் போனுக்கு மாற்றியபோதுதான் பார்த்தேன். நான் விண்ணப்பித்த பதினேழு நிதி நிறுவனங்களும் எப்போதோ "இல்லை" என்று எழுதியிருக்கின்றன. எல்லாம் நீங்கள் கோரிப்பாளையம் கடையில் வேலையாக இருக்கும்போது உங்கள் போனுக்கு வந்தவை. விண்ணப்பித்த இடங்களைக் குறித்து வைக்கும் நம் நோட்டிலோ ஒவ்வொன்றுக்கும் எதிரே, "பதில் வரல" என்று எழுதியிருக்கிறீர்கள். "வரும்மா, நீ அடுத்ததுக்குப் படி" என்று பேச்சு வேறு!

ஒன்று தெரியுமா? கடைசி இன்டர்வியூவில், "வேற எங்கயும் அப்ளை பண்ணிருக்கீங்களா?" என்று மேனேஜர் கேட்டார்.

"பதினேழு எடத்துல பதில் வரணும் சார்" என்றேன், அம்புட்டுத் தைரியமாக. மறுநாளே ஆர்டர் வந்தது.

கோபத்தில்தான் பேனாவை எடுத்தேன். பதினெட்டாவது வரியில், "கெடச்சிருச்சு" என்று மட்டும் எழுதினேன். மேலே இருக்கும் பதினேழையும் திருத்தவில்லை. உங்கள் கையெழுத்தில் அவை அப்படியே இருக்கட்டும்.

உங்கள் வீட்டு ஆபீசர்