மூன்றாவது வரி

உன் நீலப் புடவையைக் குழாயடியில் மூன்று தடவை அலசிவிட்டேன், அக்கா. ஆகாயத்தாமரை அழுகின வாடை போகவே இல்லை. இப்போது கொடியில் காய்கிறது.

அந்த ஏரியில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இடுப்பளவு சேற்றில் நின்றோம்! கட்டட வேலை இல்லாத நாளெல்லாம் ஒன்பது பெண்கள் இறங்கி, ஆகாயத்தாமரையை இழுத்து இழுத்துக் கரையில் போட்டோம். ஏரிக்கரை லேஅவுட் வீட்டுக்காரர்களின் சங்கத்தார் மேலே நின்று டீ கொடுத்தார்கள். "இவங்க செருப்பு நனையாமயே ஏரி சுத்தமாயிரும் பாரு புள்ள" என்றாய். சிரித்த சிரிப்பில் நான் வழுக்கி விழுந்தேன்.

துணி துவைக்க ஒரு ஏரி திரும்பக் கிடைக்கும் என்றுதானே இறங்கினோம்? தண்ணீர் தெரிந்ததும் கம்பிவேலி போட்டார்கள். வாசலில் கல் நட்டு, வீடியோ கேமராவோடு விழா வைத்தார்கள். கல் முழுக்கக் கன்னடம். எனக்குத் தமிழே மூன்றாம் வகுப்புதான். உனக்கு அதுவும் இல்லை. நீ விரல் வைத்து எண்ணினாய்.

"ஒம்பது வரி புள்ள! நாம ஒம்பது பேரு. பேரப் போட்டுட்டாங்கடி!"

சங்கத்தார் பேர் எழுதிக்கொண்டபோது மூன்றாவதாகச் சொன்னவள் நீ. அதனால் மூன்றாவது வரிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாய். அந்த வாரமே காய்ச்சலில் படுத்தாய். எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்து உன் துணிகளை மூட்டை கட்டி ஏரிக்குப் போனேன். வாட்ச்மேன் அந்தக் கல்லைக் காட்டி மறித்தான். "போர்டு ஓதக்கே பரல்வாம்மா?" எனக்குப் படிக்கத் தெரியாதா என்கிறான்! "எங்க பேருதானே போட்டிருக்கு" என்றேன். சிரித்துவிட்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னான். மாடு இறக்கக் கூடாது. குளிக்கக் கூடாது. மூன்றாவது, துணி துவைக்கக் கூடாது. அதன்மேல்தான் உன் மஞ்சள் இருந்தது, அக்கா.

அந்தப் பக்கம் லேஅவுட் மோரி கறுப்புக் கறுப்பாக ஏரிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. "அந்தச் சாக்கடைய யாரு கேக்குறது?" என்றேன். "அது நன்ன கெலசா அல்லம்மா" என்றான். அவன் வேலை அது இல்லையாம். நம் சோப்பு நுரைதான் ஏரியைக் கெடுக்கிறதா? அவர்கள் கக்கூஸ் தண்ணீர் தீர்த்தமா?

மற்ற ஏழு பேரும் இன்னும் வெள்ளிக்கிழமை தங்கள் தங்கள் வரிக்குக் குங்குமம் வைக்கிறார்கள். அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கல்லில் உன் பேர் இருக்கிறது என்ற சந்தோஷத்தோடு போனவள் நீ. உன்னிடம் முதலில் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் அவர்களிடமும் சொல்வேன். எட்டுப் பேரும் மூட்டையோடு அந்த வாசலில் போய் நிற்போம். "மொதல்ல மோரிய அடை, அப்புறம் எங்களத் தடு" என்று கேட்போம்.

உன் நீலப் புடவை என் மூட்டையில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்.