அடுப்புப் பரணில் வைத்த பூட்ஸ்

வெள்ளக்கடை,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீங்கள், அண்ணி, பாப்பா எல்லோரும் சுகம்தானே? போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கொல்கத்தாவிலும் கோவாவிலும் ஃபுட்பால் ஆடிய காலத்தில் அப்பா எஸ்டேட் ரைட்டர் வீட்டு வாசலில் நின்று மேட்ச் பார்ப்பார். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டு, நீங்கள் டிவியில் வர்ணனை சொல்ல வந்த பிறகு சொந்தமாகவே டிவி வாங்கிவிட்டார். "ஆடறப்ப மூஞ்சி தெரியல, இப்பத்தான் நொம்ப நல்லாத் தெரியுது" என்பார். போன வாரம் உங்கள் பேட்டி என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்.

அவர்கள் முன்னால்தான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். அப்பாவுக்கு ஃபுட்பாலே பிடிக்காதாம். டீம் செலக்சனுக்கு முதல் நாள் உங்கள் பூட்ஸை அடுப்பில் போட்டு எரித்துவிட்டாராம்.

நிஜமாகவே மறந்துவிட்டதா அண்ணா? அன்றைக்கு அடைமழை. பூட்ஸ் ஊறிப்போயிருந்தது. காலையில் ஈரமாகப் போட்டால் உங்கள் கால் வலிக்குமே என்று, சோளம் காயவைக்கும் அடுப்புப் பரணில் அப்பா அதை வைத்தார். சீக்கிரம் காயட்டும் என்று விறகையும் கூடப் போட்டார். சோளத்துக்கும் ரப்பருக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன். அடிப்பாகம் உருகிச் சுருண்டுவிட்டது. விடிவதற்குள் உங்களைக் கூட்டிக்கொண்டு குப்பனூருக்கு இறங்கி, உங்கள் கோச் ரொனால்ட் மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டி வேறு பூட்ஸ் கேட்டு வாங்கினாரே. அது பெரிதாக இருக்கிறதென்று வேட்டியைக் கிழித்து முனையில் அடைத்துக் கொடுத்தாரே. அதைப் போட்டுக்கொண்டுதானே செலக்ட் ஆனீர்கள்?

சேர்வராயன் கோயில் திருவிழா மேட்சுக்கு வருசா வருசம் அப்பாதான் ரெஃப்ரி. அவர் ஊதினால் ஊதினதுதான், எந்த ஊர்க்காரனும் எதிர்த்துப் பேசியதில்லை. இப்போது பையன்கள் முதுகுக்குப் பின்னால் "அடுப்பு, அடுப்பு" என்கிறார்கள். அப்பா கடைக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டார். திருவிழாவுக்குள் நடந்ததை நடந்தபடி டிவியில் சொல்லிவிடுங்கள். வேறெதுவும் கேட்கவில்லை.

உங்கள் அன்புத் தங்கை,
சிவரஞ்சனி

*

சென்னை,
15 ஏப்ரல் 2025

என் ரஞ்சிக் கண்ணுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் ஸ்டாம்ப் ஒட்டித் திட்டுகிற ஒரே தங்கை நீதான்!

நிகழ்ச்சி எடுக்கிறவர்கள் "கஷ்டப்பட்ட கதையாகச் சொல்லுங்க சார்" என்று என்னைத் துளைத்துவிட்டார்கள். அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார் என்று சொன்னால் யார் பார்ப்பார்கள்? வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பூட்ஸ் கருகியது உண்மைதானே? ஆடுகிறவரைக்கும் கால் சோறு போட்டது, இப்போது வாய்தான் போடுகிறது. கொஞ்சம் புரிந்துகொள்.

ஆனாலும் உன் மனசு நோகக் கூடாது. மே நான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை நேரலை இருக்கிறது. அந்தப் பூட்ஸை அப்பா இன்னும் பரணில்தான் வைத்திருப்பார். எனக்கு அனுப்பிவை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவை டிவிக்கு முன்னால் உட்கார வை.

உன் அண்ணன்,
தனபால்

*

வெள்ளக்கடை,
26 மே 2025

தனபால் அவர்களுக்கு,

பூட்ஸை அப்பாவேதான் எடுத்துக் கொடுத்தார். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து, பழைய துண்டில் சுற்றி, பக்கத்து வீட்டு லோகேஷ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்க் கொரியரில் போட்டுவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, மறுபடியும் எல்லோரையும் கூப்பிட்டார்.

நீங்கள் அதைத் தூக்கிக் காட்டினீர்கள். "இதுதாங்க எங்கப்பா எனக்குக் குடுத்த சீதனம்" என்றீர்கள். அங்கே ஸ்டுடியோவில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்புறமாவது சொல்வீர்கள் என்று விளம்பரம் முடியும்வரை அப்பா எழுந்திருக்கவில்லை. கடைசிவரை நீங்கள் சொல்லவேயில்லை. நம்ப வைத்து, அப்பா கையாலேயே அதை அனுப்ப வைத்துவிட்டீர்கள்.

திருவிழா மேட்சுக்கு அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். விசிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆட்டம் தொடங்கும் முன் பெரியண்ணன் என்கிற பக்கத்து ஊர் டீம் கேப்டன் வந்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஏனுங்க மாமா, டிவில சொன்னது நெசமுங்களா?" என்று கேட்டான். நடந்ததைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ஆமாஞ்சாமி. நாந்தான் எரிச்சேன். கோவத்துல எரிச்சுப்போட்டேன்."

சொல்லிவிட்டு விசிலைக் கழற்றிப் பெரியண்ணன் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏனுங்கப்பா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன, சாமி கும்புட வந்த சனத்து முன்னால எம்பையனைப் பொய்யன்னு சொல்லோணுமா?"

"அதுக்கு விசிலை ஏனுங்க குடுத்தீங்க?"

"பொய் சொன்னவன் ஊதலாமா கண்ணு?"

அப்படியே வீட்டைப் பார்த்து நடந்தார். மைதானத்தில் யாரோ தப்புத் தப்பாக ஊதுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பூட்ஸைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உங்கள் பிழைப்புக்கு அது இன்னும் உதவும். பரணில் அது இருந்த இடத்தில் சோளம் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஐயாக்கண்ணு மகள் சிவரஞ்சனி