மான் வண்டிக்கு இரண்டு சக்கரம்

மிச்சிகன், நவம்பர் 20

மகனுக்கு,

மான் வேட்டை தொடங்கிய மறுநாள், மாதா கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் உன்னைத் திருடன் என்றேன். இறந்துபோன உன் அப்பாவின் சக்கர நாற்காலியைக் கேட்காமல் எடுத்துப் பிரித்து, சுட்ட மானைக் காட்டிலிருந்து இழுத்துவர வண்டி செய்துவிட்டாய் என்றேன். பக்கத்து வீட்டு ஆர்வில் சிரித்தான்: "ஏம்ப்பா, இனிமே மான் உக்காந்துக்கிட்டே வருமா?" நீ திரும்பி நடந்து போனாய்.

நேற்று வழக்கப்படி முதல் மானின் ஈரலை என் வாசலில் வைத்திருக்கிறாய். கதவைத் தட்டவில்லை. வெங்காயத்தோடு வதக்கினேன், சாப்பிடாமல் மூடி வைத்துவிட்டேன்.

அப்பா வரைந்து கொடுத்த வண்டிப் படம் உன்னிடம்தான் இருக்கும். அவர் கை நடுங்கியதால் அளவுகளை எழுதியது நான். "நான் போனதும் சக்கரத்தைக் கழட்டிக்கட்டும். பையன் முதுகொடிய இழுக்குறான். எழுதுடி" என்றார். கன்னியர் மடத்தில் பழகிய என் கையெழுத்தை ஊரே அறியும். அந்தத் தாளை நீ அங்கே காட்டியிருக்கலாம்.

மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறக்கவில்லை. அந்த நாற்காலி இல்லாத மூலையைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறன்று பூசை முடிந்ததும் எல்லாரிடமும் உண்மையைச் சொல்வேன். நீ வராவிட்டாலும் சொல்வேன்.

வந்தால், என் பக்கத்தில் நில்.

உன் அம்மா