மனுவின் மூன்றாவது பத்தி

17.3.1987, செவ்வாய்

ஆவின் கார்டு புதுப்பிக்கக் கிழக்குத் தாம்பரம் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்ததால் இருபது நிமிடம் வீண். முழங்கால் வலி பரவாயில்லை.

மாலையில் எதிர் வீட்டுக் கனகவல்லி வந்தாள். தாம்பரம் சானடோரியத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள். கணவன் சிட்டிபாபு இரண்டு வருஷமாக வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் எலக்ட்ரீஷியன். அவனோடு வேலை செய்பவர் எழுதிய கடிதத்தை நீட்டினாள். இந்த மாதம் ஆறாம் தேதி துறைமுகக் கிடங்கில் குண்டு வெடித்ததாம். அன்று ஷிப்டில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரையும் பிடித்துப் போய்விட்டார்கள். தீவிரவாதக் கேஸ். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

“நீங்கதான் சார் கவர்மெண்டுல இருந்தவரு. யாருக்கு எழுதணும், இன்னா எழுதணும், எனக்கு ஒண்ணும் புரில சார்.”

எழுதித் தருகிறேன் என்றேன். அவள் போன பிறகுதான் பயம் வந்தது. தீவிரவாதக் கேஸில் நான் எதற்கு?

19.3.1987, வியாழன்

மனு தயார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம், மூன்று பத்திகள். முதல் பத்தியில் ஆள் யார், பாஸ்போர்ட் எண் என்ன. இரண்டாவதில் நடந்தது. மூன்றாவதில் வேண்டுதல். முப்பத்து நான்கு வருஷத்தில் பாதியை மனுப் பிரிவில்தான் கழித்தேன். மூன்றாவது பத்தியை யோசித்து எழுத வேண்டியதே இல்லை, கை தானாக ஓடும்: ‘என் கணவர் அறிந்தோ அறியாமலோ ஏதேனும் குற்றம் செய்திருந்தால் அதைப் பொறுத்தருளி, எங்கள் வறுமையைக் கருதி, அவரை விடுவிக்கும்படி...’ மேலே இருப்பவர் மனம் இளக வேண்டுமானால் இப்படித்தான் எழுத வேண்டும். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் அப்படித்தான் எழுதினார்.

டைப் அடித்து வாங்கி வந்து கனகவல்லியிடம் காட்டினேன். “இன்னா சார் எழுதிகீது?” என்றாள். முதல் இரண்டு பத்திகளை விவரமாகச் சொன்னேன். மூன்றாவதற்கு, “விடச் சொல்லிக் கேட்டிருக்கேம்மா” என்றேன். தமிழில் கையெழுத்துப் போட்டாள். மனு எழுதியவர் என்று என் பெயரை எங்கும் போடவில்லை. பென்ஷன் வாங்குகிறவன்.

டெல்லிக்கும் தூதரகத்துக்கும் ரிஜிஸ்டர் தபாலில் போயாயிற்று.

6.4.1987, திங்கள்

டெல்லியிலிருந்து ஒப்புகை அட்டை வந்தது. தூதரகத்திலிருந்து ஒன்றுமில்லை.

11.5.1987, திங்கள்

டெல்லியிலிருந்து பதில், இரண்டு வரி. ‘தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட நாட்டின் அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டுள்ளது.’

“நல்ல சேதியா சார்?”

“அனுப்பிட்டாங்கம்மா. இனிமே அவங்க பாப்பாங்க.”

பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு எனக்கும் ஒரு மூடி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

இந்த இரண்டு வரியை நானே எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்? ஆயிரம் இருக்குமா? அனுப்பியதோடு நம் வேலை முடிந்தது, கோப்பைக் கட்டி வைக்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். இதை அவளிடம் சொல்லவில்லை. தேங்காய் மூடி சமையல்கட்டில் இருக்கிறது. துருவ மனம் வரவில்லை.

8.7.1987, புதன்

மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் தெருவில் விசாரித்துக்கொண்டு வந்தார். சிட்டிபாபு எப்படிப்பட்ட ஆள், யார் யார் வந்து போவார்கள் என்று கேட்டார். “அவ்வளவா பழக்கம் இல்ல சார்” என்றேன். வளைகுடாவுக்குப் போவதற்கு முன் என் வீட்டு வயரிங் முழுக்க மாற்றிக் கொடுத்தவன். அவன் போட்ட ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் அதைச் சொன்னேன்.

21.2.1988, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை, கனகவல்லி கூப்பிட்டாள். குரோம்பேட்டை வக்கீல் ஹில்டா வந்திருந்தார். கம்பெனியில் கூட வேலை செய்யும் பெண் சொல்லி, நாலைந்து மாதமாக அவர்தான் கேஸைப் பார்க்கிறார். நாற்பது வயது இருக்கும். சத்தமாகப் பேசுகிறவர். அந்த நாட்டு வக்கீல் ஒருவர் மூலம் கேஸ் கட்டின் நகல் வரவழைத்திருந்தார்.

அதில் என் மனு இருந்தது. டைப் அடித்த ‘e’ கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், பார்த்ததுமே தெரிந்தது. டெல்லியிலிருந்து தூதரகம் போய், தூதரகத்திலிருந்து அந்த நாட்டுப் போலீசுக்குப் போயிருக்கிறது. மூன்றாவது பத்தியின் கீழே சிவப்புக் கோடு. பக்கத்தில் அரபியில் ஏதோ எழுதி, முத்திரை குத்தியிருந்தார்கள்.

“குற்றத்தைக் குடும்பமே ஒத்துக்கிட்டதுன்னு இதைச் சாட்சியா வச்சிருக்காங்க,” என்றார் ஹில்டா. “பதினோரு மாசமா நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட ஜெயிலுக்குப் போய் இவரைப் பாக்கல. வக்கீல் வைக்கல. என்ன கேஸ்னு கேட்டு ஒரு லெட்டர் எழுதல. செஞ்சதெல்லாம் இந்தப் பேப்பரை அவங்க கையில கொண்டு போய்க் குடுத்தது ஒண்ணுதான். எந்தப் புண்ணியவான்மா உனக்கு இதை எழுதிக் குடுத்தது?”

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். கையில் காபி டம்ளர்.

கனகவல்லி என் பக்கம் திரும்பவே இல்லை. “டைப் இன்ஸ்டிடியூட்ல யாரோ ஒருத்தரு அக்கா. பேரு தெரியாது.”

காபியைக் குடித்து முடித்தேன். குடித்தேனே! எழுந்து நான்தான் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதுமே, என்னத்த பெரிய பென்ஷன்... அறுபத்தேழு வயசுல எவன் வந்து புடுங்கப் போறான்?

22.2.1988, திங்கள்

போகவில்லை.

23.2.1988, செவ்வாய்

குரோம்பேட்டை ஸ்டேஷன் வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

25.2.1988, வியாழன்

ஹில்டாவின் ஆபீஸ் மாடியில். படியேறியதும் மூச்சு வாங்கியது. உட்காரவில்லை. “அந்த மனுவை எழுதினது நான்தாம்மா. மூணாவது பத்தி என்னோட வழக்கமான வாசகம். அந்தப் பொண்ணுக்கு அதைப் படிச்சுச் சொல்லல” என்று ஒரே மூச்சில் சொன்னேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதுதான்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேனாவை மூடி வைத்தார்.

“இதை அஃபிடவிட்டா குடுப்பீங்களா? உங்க பேர், வேலை, அட்ரஸ் எல்லாம் வரும்.”

“என்னைக் கூப்பிட்டுக் கேட்பாங்களா?”

“கேட்டா கேட்கட்டும் சார். நீங்க எதுக்குப் பயப்படறீங்க? பயப்பட வேண்டியது டெல்லி. நம்ம நாட்டு ஆளு ஒருத்தன் வெளிநாட்டு ஜெயில்ல கிடந்தா, அவன் செஞ்சானா இல்லையாங்கிறது அப்புறம். முதல்ல போய்ப் பாக்கணும். குண்டு வச்சவனா இருந்தாலும் பாக்கணும். இதுல தயவு எங்கே வருது?”

முப்பத்து நான்கு வருஷத்தில் இப்படி ஒருமுறையாவது நான் யோசித்திருக்கிறேனா? கேட்பவன் குனிய வேண்டும், கொடுப்பவன் யோசிப்பான் என்று மட்டுமே எனக்குத் தெரியும். எத்தனை மூன்றாவது பத்திகள்.

9.3.1988, புதன்

நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். ‘ஜீவரத்தினம், ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்.’ ‘ர’ கோணலாகிவிட்டது. பரவாயில்லை, செல்லும் என்றார்கள். ஒரு நகல் அந்த நாட்டு வக்கீலுக்குப் போகிறது. இன்னொன்றை வைத்து இங்கே ஹைகோர்ட்டில் ஹில்டா ரிட் போடுகிறார்.

17.8.1988, புதன்

தூதரக அதிகாரி ஜெயிலுக்குப் போய் சிட்டிபாபுவைப் பார்த்தாராம். கோர்ட் நோட்டீஸுக்குப் பிறகு, பதினேழு மாதம் கழித்து. இருபத்து நான்கு கிலோ இளைத்திருக்கிறான். உயிரோடு இருக்கிறான். கனகவல்லி ஓடி வந்து சொல்லிவிட்டு, அதே வேகத்தில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

5.1.1989, வியாழன்

சாட்சி இல்லை என்று விட்டுவிட்டார்கள். விடியற்காலை மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியிருக்கிறான். தெருவே எதிர் வீட்டில் நின்றது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. முப்பத்து மூன்று வயது.

15.1.1989, ஞாயிறு

கனகவல்லி பொங்கல் கொண்டுவந்தாள். முகம் சரியில்லை. நான் கேட்டதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணன் வூட்ல போய் இருந்துகினு கீறாரு சார், பம்மல்ல. எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேன்றாரு. அடிச்சப்பகூட ஒத்துக்கலையாம். அப்புறம் அந்தப் பேப்பரைக் கொண்டாந்து காட்னாங்களாம். ‘பாரு, உம் பொண்டாட்டியே எழுதிக் குடுத்துட்டா, நீ இன்னாடா’ன்னு. எங்கையெழுத்தை அவருக்குத் தெரியாதா சார்? அத்தினி நாளும் அதையே நெனச்சிகினு படுத்திருந்தாராம்.”

“நான் எழுதினேன்னு சொன்னியாம்மா?”

“சொன்னேன். ‘யாரோ எழுதுனா நீ கையெழுத்துப் போட்ருவியா’ன்றாரு.”

அவள் அழவில்லை. பாத்திரத்தை அப்புறம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். என் ஒரு பத்தி போலீசுக்கு மட்டும்தான் போனது என்று இதுவரை நினைத்திருந்தேன்.

22.1.1989, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. பஸ் பிடித்துப் பம்மல் போனேன்.

சிட்டிபாபு அண்ணன் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். “வாங்க சார்” என்றான். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டாள், நான் முழுதாகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டாள். அஃபிடவிட்டின் நகலைக் கொடுத்தேன். அதை மடித்தபடியே கையில் வைத்திருந்தான்.

“நான் செஞ்சிருப்பேன்னு நெனச்சீங்களா சார்?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. “அதை நான் நினைச்சே பாக்கலப்பா. செஞ்சவனுக்கும் அதைத்தான் எழுதுவேன், செய்யாதவனுக்கும் அதைத்தான் எழுதுவேன்.”

கீழே யாரோ பம்ப் அடிக்கும் சத்தம்.

“அவங்க அடிச்சது போச்சு சார்,” என்றான். “அந்தக் கையெழுத்துதான்...” அதோடு நிறுத்திவிட்டான். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அவனும் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

தனியாகத்தான் திரும்பினேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை.

25.1.1989, புதன்

காலை ஆறரை. எதிர் வீட்டில் ஆண் குரல். எப்போது வந்தானோ தெரியாது.

“பத்து தடவ கேட்டுட்டுப் போடறதுக்கு இன்னா?”

“ஒரு பேப்பரைக் காட்னா நம்பிடுவியா நீ? என்னை உனக்குத் தெரியாதா? சொல்லு, தெரியாதா?”

“கத்தாத. தெருவே பாக்குது.”

“பாக்கட்டும்!”

ஜன்னலைச் சாத்திவிட்டேன். சத்தம் இன்னும் கேட்கிறது. இரண்டு பேரும் விடுவதாக இல்லை.